ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ‘அவங்க எப்பவுமே இப்படித்தான்’ – என்ன பதில் போடலாம்?

ஹார்பர் டேலி (தண்டையார்பேட்டை):

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூக்கம் புடிக்காம டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

நான் ஹார்பர்ல டேலி கிளார்க், ஏத்தி எறக்குற சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுற வேலை. பொண்ணு அஞ்சாவது படிக்கிறா, ராயபுரம் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல. போன வாரம் கிளாஸ் டீச்சர் பேரண்ட்ஸ் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாங்க. பத்து வயசுப் பசங்களுக்கு டிடி ஊசி போட கார்ப்பரேஷன்லேருந்து வர்றாங்க, சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டு அனுப்புங்கன்னு. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுற ஊசி. அவ்வளவுதான் விஷயம்.

சில வீட்டுலேருந்து கடிதம் வரல. டீச்சர் அவசரத்துல ‘இன்னும் தராதவங்க’ன்னு பேர் லிஸ்ட்டை அப்படியே குரூப்ல போட்டுட்டாங்க. லிஸ்ட்ல முதல் ரெண்டும் முஸ்லிம் பேர். அடுத்தது ஒரு கிறிஸ்டியன் பேர். அதுக்குக் கீழ இருந்த பேரையெல்லாம் யாரும் படிச்ச மாதிரியே தெரியல.

ஒருத்தர் எழுதினாரு: “அவங்க எப்பவுமே இப்படித்தான். போலியோ சொட்டு மருந்துக்கே தகராறு பண்ணவங்க.” இன்னொருத்தர்: “குடும்பக் கட்டுப்பாடே வேணாங்குறவங்க கிட்ட போய் ஊசியப் பத்திப் பேசுறீங்களே.” ஒரு அம்மா, “அந்த மூணாவது வீட்டுல ஜெபம் பண்ணியே சரி பண்ணிடுவாங்க” அப்படின்னு, கூடவே நாலு சிரிப்பு பொம்மை. கடைசியா முதல் ஆளு தீர்ப்பு சொன்னாரு: “இவங்களக் கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. கவர்மெண்ட் போலீஸ வச்சுப் போடணும்.”

இதே ஆளு, 2025 ஆகஸ்ட்ல டவுன்ல இருக்குற எய்டட் ஸ்கூலுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தப்போ என்ன எழுதினாருன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. “புள்ளைக்கு டிபன் குடுக்குறது பெத்தவங்க வேலை, நடுவுல கவர்மெண்ட் யாரு?” ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. போடலாமான்னு கை அரிக்குது, போடல.

இப்போ என் சிக்கல் என்னன்னா, ஊசி விஷயத்துல கவர்மெண்ட் கொஞ்சம் கறாரா இருக்கணும்னுதான் எனக்கும் தோணுது. எங்க பெரியப்பாவுக்கு சின்ன வயசுல இளம்பிள்ளை வாதம். காசிமேட்டுலயே பொறந்து வளந்தும் படகு ஏறினதில்ல, கடைசி வரைக்கும் கரையில உக்காந்து வலை பின்னுற வேலைதான். அதனால ‘அவங்கவங்க இஷ்டம்’னு என்னால விட முடியல. ஆனா இதை குரூப்ல சொன்னா அந்த ஆளு பக்கம் போய் நிக்கிற மாதிரி ஆயிடுது. அவர எதிர்த்து எழுதினா, ‘அப்போ ஊசி வேணாங்குறியா’ன்னு கேப்பாங்க.

லிஸ்ட்ல பேர் வந்த ஒருத்தங்க எங்க மாடி வீடு. காலையில பால் வாங்கப் போறப்போ எதிரெதிரா வர்றோம். ரெண்டு பேரும் செருப்பைப் பாத்துக்கிட்டே போறோம்.

டீச்சர் இப்போ அட்மின் மட்டும் பேசுற மாதிரி மாத்தி வச்சிருக்காங்க, புதன்கிழமை திறப்பாங்களாம். “உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு”ங்குறாங்க வீட்டுல. திறந்ததும் நான் என்ன எழுதட்டும்? சட்டத்துல கட்டாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

பெரம்பூர் லோகோ:

பாஸ், மியூட். ‘எப்போதும்’னு ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க. நான் மூணு குரூப்ல அப்படித்தான் உயிரோட இருக்கேன்.

ஊசி அக்கா (ரிட்டயர்டு):

தம்பி, மியூட் போட்டா மாடி வீட்டம்மாவப் பாக்குறப்போ இன்னமும் செருப்பைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்.

நான் கார்ப்பரேஷன்ல ஏ.என்.எம்.மா, அதாவது வீடு வீடாப் போற நர்ஸா இருந்தவ. புளியந்தோப்பு, காசிமேடு, மண்ணடி, கடைசியா பெரம்பூர். தோள்ல ஊசி மருந்துப் பொட்டி, கையில ஊசி போட வேண்டிய புள்ளைங்க லிஸ்ட். ‘வேணாம் சிஸ்டர்’னு கதவைச் சாத்தின வீடு எல்லா ஏரியாவுலயும் உண்டு. அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

காசிமேட்டுக் கதையே எடுத்துக்குவோம். புதன்கிழமை ஊசி நாள். காலையில பொட்டியத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தா பாதி அம்மாங்க வரமாட்டாங்க. ‘மீனவ ஜனங்களுக்குப் புள்ளைங்க மேல அக்கறை இல்ல’ன்னு மீட்டிங்ல ஒரு அதிகாரி சொன்னாரு. அவரு ஒரு நாள் விடிகாலையில அங்க வந்து பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. ஏலத்துல மீன் எடுத்து, கூடையத் தூக்கிக்கிட்டு, தெருத்தெருவா வித்துட்டு அந்த அம்மாங்க வீடு திரும்ப மத்தியானம் ஆயிடும். ஊசி போட்டா ராத்திரி ஜுரம் அடிக்கும். காலையில ஜுரத்தோட கெடக்குற புள்ளைய யார் கிட்ட விட்டுட்டு ஏலத்துக்குப் போறது? ஒரு நாள் வியாபாரம் போனா வட்டிக்காரன் வாசல்ல நிப்பான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வியாபாரமும் பாதிதான். விட்டுப்போன புள்ளைங்களையெல்லாம் அப்போ கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். வந்தாங்க. மதமும் இல்ல, அறியாமையும் இல்ல. மணி தப்பு, அவ்வளவுதான்.

மண்ணடிக்குப் போனா, “அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்”பாங்க. அவரு துபாய்ல இருப்பாரு. போன் ராத்திரிதான் வரும். நம்ம ஆளுங்க இதை எடுத்துக்கிட்டு ‘அந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு உரிமை இல்ல’ன்னு பேசுவாங்க. பெரம்பூர்ல “மாமியார் கிட்ட கேட்டுச் சொல்றேன்”னு சொன்ன மருமகளுங்கள நான் எத்தனையோ பாத்திருக்கேன். அங்க மட்டும் அது ‘பெரியவங்களுக்கு மரியாதை’ ஆயிடும்.

சௌகார்பேட்டைப் பக்கம் லிஸ்ட்ல நெறைய பேரு விட்டுப்போனவங்கன்னு காட்டும். போய் விசாரிச்சா பிரைவேட் டாக்டர் கிட்ட காசு குடுத்து எல்லா ஊசியும் போட்டிருப்பாங்க. நம்ம ரிஜிஸ்டர்ல ஏறியிருக்காது.

2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? எம்.ஆர். ஊசி, தட்டம்மை–ரூபெல்லாவுக்கு. 9 மாசத்துலேருந்து 15 வயசு வரைக்கும் எல்லா புள்ளைக்கும்னு கேம்ப் போட்டாங்க. வாட்ஸ்அப்ல வதந்தி கெளம்புச்சு. அது ஏரியாவுக்கு ஏத்த மாதிரி சட்டை மாத்திக்கிச்சு பாருங்க, அதுதான் வேடிக்கை. மண்ணடியில ‘பின்னாடி கொழந்தை பொறக்காதாம்’. பெரம்பூர் ஃப்ளாட்ல ‘ஆட்டிசம் வருமாம்’. (அந்த ஆட்டிசம் கதைக்கு மூலமே லண்டன் பத்திரிகையில 1998ல வந்த ஒரு கட்டுரை. 2010ல அந்தப் பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிடுச்சு. ஃப்ளாட்ல இருக்குறவங்க நெட்ல இதையும் படிச்சிருக்கலாம்.) புளியந்தோப்புல ‘நம்ம புள்ளைங்கள வச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்குறாங்க’. ஒவ்வொரு எடத்துலயும் அந்த ஜனங்களுக்கு ஏற்கெனவே இருந்த பயம் எதுவோ அதைப் புடிச்சுக்கிச்சு.

மண்ணடியில நான் ஜமாஅத் பெரியவர் ஒருத்தரப் பாத்து, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் மைக்ல ஒரு வார்த்தை சொல்ல முடியுமான்னு கேட்டேன். மருந்து பாட்டில வாங்கி, லேபிளப் படிச்சு, எங்க தயாராகுது, யாருக்குப் போடக் கூடாதுன்னு அரை மணி நேரம் என்னைக் குடைஞ்சாரு. எங்க ட்ரெயினிங்ல கூட அவ்வளவு கேள்வி கேக்கல. அப்புறம் சொன்னாரு, தன் பேத்தியையும் கூட்டிக்கிட்டு வந்தாரு.

பெரம்பூர்ல ஒரு தம்பதி. ரெண்டு பேரும் பெரிய படிப்பு, இயற்கை வாழ்வியல்னு ஒரு ஈடுபாடு. புள்ளைக்கு ஒரு ஊசி கூடப் போடல. எத்தனை தடவ போனாலும் மோர் குடுத்து, சிரிச்சுப் பேசி, வேணாம்னு அனுப்பிடுவாங்க. அவங்களப் பத்தி அக்கம்பக்கத்துல என்ன பேச்சுன்னா, “அவங்க நெறைய படிச்சு யோசிச்சு எடுத்த முடிவு.” இதே மாதிரி வேணாம்னு சொன்ன மண்ணடி வீட்டைப் பத்தி? “அவங்க எப்பவுமே இப்படித்தான்.” ரெண்டு புள்ளைங்க கையிலயும் ஊசி ஏறல. ஒரு வீட்டுக்கு அது சொந்தப் புத்தி, இன்னொரு வீட்டுக்கு அது மதம். பெரம்பூர் தம்பதி இந்துதான். ‘இந்துக்களே இப்படித்தான்’னு ஒரு ஆளும் சொல்லல. சொல்லியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஜெபத்தைப் பத்திக் கிண்டல் பண்ண அந்தம்மாவுக்கும் ஒரு சேதி. கொருக்குப்பேட்டையில ஒரு வீடு. மருந்தே தொடக் கூடாது, கர்த்தர் சுகம் குடுப்பாருங்கறது அவங்க விசுவாசம். நெசமாவே மதக் காரணம்தான், நான் மறைக்கல. கடைசி வரைக்கும் அந்தப் புள்ளைக்கு என்னால ஊசி போட முடியல. ஆனா அதே தெருவுல அதே சபைக்குப் போற இன்னும் ரெண்டு வீட்டுல எல்லா ஊசியும் போட்டு அட்டைய பத்திரமா வச்சிருந்தாங்க.

போலீஸ் பேச்சுக்கு வர்றேன். எமர்ஜென்சியில, 1976ல, வடக்கே கட்டாயக் கருத்தடை பண்ணாங்களே, அதோட பயம் எத்தனையோ வருஷம் கழிச்சு சொட்டு மருந்து கொண்டு போனவங்க மேல விழுந்துச்சு. போலீஸோட ஒரு தடவ படியேறின வீட்டுல அடுத்த மாசம் நான் தனியாப் போய் கதவைத் தட்ட முடியுமா?

உங்களுக்கு என் யோசனை: கறாரா இருக்கணும்னு தாராளமா எழுதுங்க. ‘எல்லாப் புள்ளைக்கும்’னு ஆரம்பிங்க. ‘இவங்களுக்கு’ன்னு ஆரம்பிக்கிறவர் ஊசியப் பத்திப் பேச வரல.

கேட்டுக்கு அந்தாண்ட (கொருக்குப்பேட்டை):

ஊசி அக்கா மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தத் திரியில் எல்லோரும் சேர்ந்து ஒரு விஷயத்தை மெழுகுகிறீர்கள்.

சில நம்பிக்கைகளில் போதனையே பிள்ளைக்கு எதிராக இருக்கிறது. 2016-இல் ஹைதராபாத்தில் 13 வயது ஜைனச் சிறுமி 68 நாள் உபவாசம் இருந்து, முடித்த ஓரிரு நாளில் இறந்தாள். ‘பால தபஸ்வி’ என்று போற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். போலீஸ் பெற்றோர் மீது வழக்குப் போட்டது. இதைச் சுட்டிக்காட்டினால் நான் ஒரு சமூகத்தையே இழிவுபடுத்துகிறேனா? வீட்டு வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும்? உத்தரப் பிரதேசத்தில் போலியோவுக்கு எந்தப் பகுதிகளில் எதிர்ப்பு அதிகம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையை உண்மை என்று சொல்ல இவ்வளவு பயமா?

ஊசி அக்கா (ரிட்டயர்டு):

பயம் இல்ல சார். உ.பி. கதைய முழுசாச் சொல்லலாமே.

மேற்கு உ.பி.யில முஸ்லிம் குடும்பங்கள்ல மறுப்பு ஜாஸ்தியா இருந்தது நெசம். எங்களுக்கு ட்ரெயினிங்லயே சொல்லியிருக்காங்க. ஏன் ஜாஸ்தின்னு கேட்டவங்களுக்கு என்ன பதில் கெடச்சதுன்னா, ‘எங்க தெருவுக்கு சாக்கடை வரல, தண்ணி வரல, டாக்டர் வரல, ஜுரத்துக்கு மாத்திரை வரல. இந்த ரெண்டு சொட்டு மட்டும் எதுக்கு மாசாமாசம் வீடு தேடி வருது?’ நியாயமான சந்தேகம்தானே? அதுக்கப்புறம் இமாம்களக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, அலிகர், ஜாமியா யுனிவர்சிட்டிக்காரங்களச் சேத்துக்கிட்டாங்க, அந்தந்தத் தெருப் பொம்பளைங்களையே வேலைக்கு வச்சாங்க. நாட்டுல கடைசி கேஸ் 2011 ஜனவரி, ஹௌராவுல ஒரு சின்னப் பொண்ணு. 2014 மார்ச் 27 அன்னிக்கு போலியோ இல்லாத நாடுன்னு சர்டிபிகேட் வந்துச்சு. உங்க ‘எல்லோருக்கும் தெரியும்’ அங்கயே நின்னிருந்தா இன்னமும் வாசல்ல சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்போம்.

அந்த ஹைதராபாத் புள்ள விஷயத்துல வழக்குப் போட்டது சரின்னுதான் நானும் சொல்வேன். யார் மேல போட்டாங்க? அந்தப் பெத்தவங்க மேல. மின்ட் தெருவுல கடை வச்சிருக்குற ஜைனர் மேல இல்லையே.

மோர் நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

பாரிமுனை குமாஸ்தா:

கேள்வி கேட்டவர் சட்டம் பற்றிக் கேட்டிருந்தார். ஒருவரும் அதற்கு வரவில்லை. நான் வக்கீல் இல்லை, ஹைகோர்ட் வாசலில் பல வருடம் கட்டுத் தூக்கிய குமாஸ்தா. அந்த அளவில் எடுத்துக்கொள்ளவும்.

பள்ளியில் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள் என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கையெழுத்துப் போடாத பெற்றோரைப் பிடித்து உள்ளே வைக்கும் ஏற்பாடு இந்த ஊசிக்கு இல்லை. அதற்காக அரசுக்கு அதிகாரமே இல்லை என்றும் இல்லை. 1939-ஆம் வருட மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. கொரோனா சமயத்தில், 2021-இல், தடுப்பூசி போடாதவர்கள் பொது இடத்துக்கு வரக்கூடாது என்று அதை வைத்துத்தான் சுற்றறிக்கை விட்டார்கள். அடுத்து 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில், ஒருவர் உடலில் கட்டாயமாக ஊசி ஏற்ற முடியாது என்றது. அதே தீர்ப்பில், பொதுச் சுகாதாரத்துக்காக அரசு அளவான கட்டுப்பாடு போடலாம் என்றும் சொன்னது. ‘அளவான’ என்பதில்தான் எல்லா வழக்கும் ஓடும்.

மத நம்பிக்கையும் பிள்ளைகளும் அரசும் மோதிக்கொண்ட வழக்கு என்றால் என் நினைவுக்கு வருவது 1986. கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகள் மரியாதையாக நின்றார்கள், அவர்கள் பாடாததால் யாருக்கும் கேடில்லை, நம்பிக்கை நடிப்பில்லை. இவ்வளவைத்தான் கோர்ட் பார்த்தது. ‘அந்த சபைக்காரர்கள் நாட்டுப்பற்று உள்ளவர்களா’ என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. பிள்ளைக்குக் கேடு வருகிற இடத்தில் கதை வேறு. 2006-ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பெற்றோர் மனமுவந்து நடத்தினாலும் குற்றம்தான். இதையும் முஸ்லிம்களின் பழக்கமாகவே பேசுகிறார்கள். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 ஆவதற்கு முன்பே மணமானவர்கள். மக்கள்தொகையில் 5.86 சதவீதமாக இருக்கிற ஒரு சமூகத்தின் தலையில் இத்தனையையும் கட்ட முடியாது, கணக்கு உதைக்கிறது.

கொருக்குப்பேட்டை நண்பருக்கு ஒரு பழைய சங்கதி. 1891-இல் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டு ஆக்க வந்த மசோதாவை, வெள்ளைக்காரன் எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடுவதா என்று எதிர்த்தவர் திலகர். 1929-இல் சாரதா சட்டம், பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 14. வைதிக இந்துக்களும் எதிர்த்தார்கள், முஸ்லிம் மதத் தலைவர்களும் எதிர்த்தார்கள். இங்கே சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் ஆதரித்து நின்றார்கள். 1955-இல் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர் யார் தெரியுமா? ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மருந்தோ இதே கிண்டியில் தயாரானது. பின்னாளில், 1968-இல், செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய பரிசோதனை தொடங்கி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சிறு குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்குப் பயன்படுவதால் பிறந்தவுடன் இன்றும் போடுகிறார்கள். அவர் சொன்னது எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று இன்றும் தாராளமாக வாதாடலாம். ராஜாஜிக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, அதாவது என்ன சொல்கிறார் என்று கேட்டு மறுப்பது, லிஸ்ட்டில் பெயர் வந்த அந்த மூன்று வீட்டுக்குக் கிடைத்ததா?

டிபன் ஸ்க்ரீன்ஷாட்டைப் போடவேண்டாம். சாட்சியை ரகசியமாக வைத்திருப்பதே பலம்.

மண்ணடி மூணாவது மாடி:

நான் இங்க படிக்கிறவ மட்டும்தான், எழுதறதில்ல. இன்னிக்கு கை நிக்கல.

கேள்வி கேட்ட அண்ணா சொன்ன ஸ்கூல் இல்ல, வேற ஸ்கூல். ஆனா இதே ஊசி, இதே கடிதம். நானும் கையெழுத்துப் போடாம வச்சிருந்தேன். எங்க குரூப்லயும் இதே பேச்சு, கொஞ்சம் நாசூக்கா. “மேடம், உங்க கம்யூனிட்டியில ஏதாவது அப்ஜெக்‌ஷன் இருக்கா?”ன்னு ஒரு அப்பா கேட்டாரு. ரொம்ப பணிவாத்தான் கேட்டாரு. சாதாரணமா திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயசுல ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி ஜுரம் ஏறி ஜன்னி வந்துச்சு. ஸ்டான்லியில ரெண்டு நாள் இருந்தோம். அதனால பெரிய டாக்டர் ஒருத்தர் கிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு இருந்தேன். இவ்வளவுதான். இதை அந்த குரூப்ல எழுதணுமா? அம்பது பேரு படிக்கிற எடத்துல ‘என் பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்திருக்கு’ன்னு? நாளைக்கு அவ கூட உக்கார மாட்டேன்னு ஒரு புள்ள சொன்னா? எங்க மார்க்கத்தைக் காப்பாத்த என் பொண்ணு மெடிக்கல் ஃபைல நான் ஊருக்குக் காட்டணும். காட்டலன்னா ‘பாத்தீங்களா, பதில் இல்ல’. மத்த அம்மாங்க யாரும் இந்தப் பரீட்சை எழுத வேண்டாம்.

நான் எதுவும் எழுதல. டாக்டரப் பாத்தேன், போடலாம், பக்கத்துலயே இருந்து ஜுரத்தைப் பாத்துக்கோங்கன்னாரு. போட்டாச்சு. குரூப்ல யாருக்கும் சொல்லல, அதையும்.

எங்க தெருவுல மதத்தைச் சொல்லி மறுத்தவங்களே இல்லன்னு நான் சொல்ல வரல. 2017ல என் மாமியாரே அந்த வதந்தி ஆடியோவ நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணாங்க. அதே மாமியார்தான் அப்புறம் ஊசி அக்கா சொன்ன மாதிரி ஒரு சிஸ்டர் வந்து பேசினதும் பக்கத்து வீட்டுப் புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. ரெண்டுமே அவங்கதான்.

குடும்பக் கட்டுப்பாடு எழுதினவருக்கு: தேசிய சர்வேயில 1992–93ல முஸ்லிம் பொண்ணுக்கு சராசரி 4.4 கொழந்தை, 2019–21ல 2.36. இந்துப் பொண்ணுக்கு 3.3லேருந்து 1.94. ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் எறங்கிக்கிட்டு இருக்கோம். பீகார்ல எல்லா மதமும் சேத்து 3, தமிழ்நாட்டுல 1.8. படிப்பும் ஆஸ்பத்திரியும் எங்க இருக்கோ அங்க குறையுது. எனக்கு ஒரே பொண்ணு. ‘இன்னும் ஒண்ணு பெத்துக்கலாமே’ன்னு என்னை நச்சரிக்கிறது எங்க சொந்தக்காரங்க இல்ல, கீழ் வீட்டு மாமி.

கவர்மெண்ட் தலையிடலாமான்னா, எனக்கு ஆட்சேபணை இல்ல. சத்துணவுல முட்டை போடுறாங்க, சாப்பிடாத புள்ளைக்கு வாழைப்பழம் குடுக்குறாங்க. எதுக்கு சாப்பிடலன்னு யாரும் குலம் கோத்திரம் கேக்குறதில்ல. அந்த மாதிரி தலையிட்டாப் போதும்.

அண்ணா, மாடி வீட்டுக்காரங்க கிட்ட குரூப்ல ஆதரவா எழுதறதுக்கு முன்னாடி நேர்ல ஒரு வார்த்தை பேசிடுங்க. அவங்களக் கேக்காம அவங்களுக்காக வக்காலத்து வாங்கினாலும் அதுவும் ஊர் முன்னாடி நிறுத்தி வைக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஹார்பர் டேலி (தண்டையார்பேட்டை):

எல்லாருக்கும் நன்றி. மண்ணடி சிஸ்டர், உங்க பதிலை வீட்டுல படிச்சுக் காட்டினேன், பேஜாருன்னு சொன்னவங்க அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.

மாடி வீட்டுக்குப் போய்ப் பேசினேன். கடிதம் பையிலயே இருந்திருக்கு, பையன் குடுக்கவே இல்ல. கணக்குல ரெட் மார்க் வாங்கின நோட்டோட சேத்து ஒளிச்சு வச்சிருக்கான். லிஸ்ட்ல நாலாவது, அஞ்சாவது பேரு யாருன்னு டீச்சர் கிட்ட கேக்கலாம்னு நெனச்சேன். வேணாம்னு விட்டுட்டேன்.

புதன்கிழமை குரூப் திறந்ததும் இதைப் போட்டேன்:

“எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டே ஆகணும்ங்கறதுதான் என் கருத்து. யார் வீட்டுல ஏன் கடிதம் வரலன்னு இங்க பேச வேணாம். டீச்சர், தராதவங்களுக்கு நீங்க தனித்தனியா போன் பண்ணுங்க, லிஸ்ட்டை டெலீட் பண்ணிடுங்க. மதத்தைச் சொல்லி எழுதினவங்க அந்த மெசேஜை எடுத்துடுங்க. கவர்மெண்ட் தலையிடுறது தப்புன்னா டிபனுக்கும் தப்பு, சரின்னா ஊசிக்கும் சரி. ஆளப் பாத்து மாத்த முடியாது.”

டீச்சர் லிஸ்ட்டை எடுத்துட்டாங்க. சிரிப்பு பொம்மை போட்ட அம்மா தன் மெசேஜை எடுத்துட்டாங்க. முதல் ஆளு எடுக்கல. என் மெசேஜுக்குக் கீழ ஒரு தம்ஸ் அப் போட்டாரு, எதுக்குன்னு இதுவரைக்கும் புரியல. இன்னொருத்தர் ‘ரொம்ப நியாயம் பேசுறாரு’ன்னு எனக்கு மட்டும் தனியா அனுப்பினாரு.

ஊசி அக்கா, ஒரு சந்தேகம். நேத்து போட்டாங்க. பொண்ணுக்கு கை கொஞ்சம் வீங்கி, தொட்டா வலிக்குதுங்குறா. ஜுரம் இல்ல. தைலம் தேய்க்கலாமான்னு அம்மா கேக்குறாங்க.

ஊசி அக்கா (ரிட்டயர்டு):

தேய்க்காதீங்க. தைலமும் வேணாம், சூடான ஒத்தடமும் வேணாம். சுத்தமான துணிய பச்சைத் தண்ணியில நனைச்சு மேல போட்டு விடுங்க, ரெண்டு மூணு நாள்ல வத்திடும். கையை ஆட்டி வெளையாடட்டும், கட்டிப் போட வேணாம். வீக்கம் முழங்கை வரைக்கும் எறங்கினாலோ, ஜுரம் விடாம அடிச்சாலோ ஹெல்த் சென்டருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அடுத்த டிடி 16 வயசுல, அட்டையில தேதி போட்டு வாங்கினீங்களா?